கமில்லா: மதராஸில் கண்டெடுத்த கரிக்கட்டி

(ஆனேக்கலில் நடைபெற்ற உறுப்பினர்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் என்னைப் பேசச் சொன்னபோது, "தலைப்பு உங்கள் இஷ்டம் மாமா, ஆனால் அரை மணிக்குள் முடித்துவிடுங்கோ, அப்புறம் டிபன் ஆறிப்போய்விடும்" என்று செயலாளர் சொன்னார். நியாயமான நிபந்தனை. நான் படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். உத்தியோகம் பார்த்தது கணக்குத் தணிக்கைத் துறையில், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல். ஆகவே பௌதிகமும் தணிக்கையும் சேர்ந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஆன்மிகத்துக்கும் அதில் கொஞ்சம் இடம் உண்டு. அது கடைசியில் வரும்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவே, சூரியனிலிருந்து சுமார் 52 கோடி கிலோமீட்டர் தூரத்தில், அடுப்புக்கரி போல் கறுத்த ஒரு பாறை சுற்றிக்கொண்டிருக்கிறது. குறுக்களவு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அதாவது இங்கிருந்து வாணியம்பாடி தாண்டிப் பாதி மதராஸுக்கும் மேலே போய்விடலாம். அதன் பெயர் கமில்லா. வரிசை எண் 107. அதை முதன்முதலில் கண்டுபிடித்த இடம் லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. நம் நுங்கம்பாக்கம். தேதி 1868 நவம்பர் 17.

முதலில் இந்த மாதிரிப் பாறைகள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அஸ்டிராய்ட் என்பார்கள். தமிழில் சிறுகோள். 1801-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி, இத்தாலியைச் சேர்ந்த பாலெர்மோவில் பியாஸி என்ற பாதிரியார் முதல் சிறுகோளைப் பார்த்தார். அதற்கு சீரிஸ் என்று பெயர். பிறகு ஒவ்வொன்றாகக் கிடைத்துக்கொண்டே வந்தன. இன்று பத்து லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் குருவுக்கும் இடையே உள்ள பிரதான பட்டையில் இருக்கின்றன.

பத்து லட்சம் என்றவுடன், சினிமாவில் வருவது போல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பறப்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் பட்டையின் விஸ்தீரணம் அவ்வளவு. 1972-ல் கிளம்பிய பயனீர் 10 விண்கலம் அதற்குள் புகுந்து ஒரு கீறல் இல்லாமல் வெளியே போயிற்று. பட்டையில் உள்ள அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து உருட்டினாலும் நம் சந்திரனில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான் தேறும்.

இப்போது மதராஸுக்கு வருவோம்.

1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வான ஆராய்ச்சிக் கூடம் வைத்தார். 1790-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று கட்டடம் எழுந்தது. அங்கே கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய பெரிய கருங்கல் தூண், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சென்னைக்காரர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்? புயல் எச்சரிக்கை வரும்போது மட்டும் நுங்கம்பாக்கம் நமக்கு ஞாபகம் வருகிறது.

1861-ல் நார்மன் ராபர்ட் பாக்ஸன் என்ற ஆங்கிலேயர் அங்கே அரசாங்க வானியலாளராக வந்து சேர்ந்தார். முப்பது வருஷம், 1891-ல் காலமாகும் வரை, அதே பதவி. வந்த சில மாதங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். எண் 67. பிறகு 1864 மே 2-ல் ஸாஃபோ, 1866 மே 16-ல் ஸில்வியா, 1868 நவம்பர் 17-ல் நம் கமில்லா, 1885 பிப்ரவரி 6-ல் வேரா. ஆக மதராஸ் கணக்கில் ஐந்து.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என்னைப் போன்ற தணிக்கைக்காரனுக்கு அது உடனே புரியும்.

அரசாங்கக் கிடங்குகளில் நாங்கள் ஸ்டாக் வெரிஃபிகேஷன் போவோம். ஒரு கையில் ஸ்டாக் ரிஜிஸ்டர். எதிரே அலமாரி. புத்தகத்தில் இருப்பது அலமாரியில் இருக்கிறதா, அலமாரியில் இருப்பது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குறைந்தால் கேள்வி. அதிகமாக இருந்தாலும் கேள்விதான். இதில் சாமர்த்தியத்துக்கு வேலை குறைவு. பொறுமைக்குத்தான் வேலை.

பாக்ஸன் செய்ததும் அதேதான். ரிஜிஸ்டர் என்பது நட்சத்திர வரைபடம். அலமாரி என்பது ஆகாசம். அந்தக் காலத்தில் வானத்தைப் புகைப்படம் எடுத்துத் தேடும் வழக்கம் இன்னும் வரவில்லை. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வானத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, அதில் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் படத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அது விட்டுப்போன நட்சத்திரமாக இருக்கலாம், பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரமாக இருக்கலாம், சிறுகோளாகவும் இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் அது நட்சத்திரம் இல்லை. மேகம் மூடினால் அன்றைய வேலை போச்சு. மதராஸில் அக்டோபர், நவம்பர் மாத வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கமில்லா அகப்பட்டது அப்படிப்பட்ட ஒரு நவம்பரில்.

அதுவும் கமில்லா எவ்வளவு மங்கல் என்று பாருங்கள். நட்சத்திரங்களின் பிரகாசத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது பழைய வழக்கம். அதற்கு ஒழுங்கான கணக்கு வகுத்தவரே இந்த பாக்ஸன்தான். மதராஸ் வருவதற்கு முன் 1856-ல் அவர் சொன்னது, ஐந்து தர வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு என்று. அப்படியானால் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு வரும். இன்று உலகம் முழுவதும் அதுதான் அளவுகோல். இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கு ஆறாம் தரம் வரை தெரியும். கமில்லா நமக்கு நெருங்கி வரும்போதுகூடச் சுமார் பன்னிரண்டாம் தரம். அதாவது, கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தை விட 250 மடங்கு மங்கல்.

250 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மலை ஏன் இவ்வளவு மங்கலாகத் தெரிகிறது? தூரம் ஒரு காரணம். அதன் நிறம் இன்னொரு காரணம். கமில்லா தன் மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதியை விழுங்கிவிடுகிறது. தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டா என்று இன்னொரு சிறுகோள் இருக்கிறது. அது நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. கமில்லாவுக்கு வெஸ்டாவின் மேல்தோல் இருந்திருந்தால் எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரிந்திருக்கும். பாக்ஸனுக்கும் கண்வலி குறைந்திருக்கும்.

இந்தக் கறுப்புச் சிறுகோள்களுக்குக் கார்பன் வகை என்று பெயர். கரியும், கரி சேர்ந்த கூட்டுப் பொருள்களும், தண்ணீர் பட்டு மாறிய களிமண் போன்ற கனிமங்களும் கலந்தவை. சூரியனுக்கு அருகில் உள்ள உள்பட்டையில் இவை குறைவு. தள்ளிப் போகப் போக, குளிர்ந்த வெளிப்பட்டையில் அதிகம். மொத்தத்தில் பார்த்தால் சிறுகோள்களில் பெரும்பான்மை இந்த வகைதான் என்கிறார்கள். ஆனால் வெகு காலம் அது தெரியவில்லை. வெளிச்சமாக இருப்பவைதானே முதலில் கண்ணில் படும்? சபையில்கூட அப்படித்தான்.

இவற்றின் உண்மையான பருமன் தெரியவந்ததற்கு அழகான ஒரு யுக்தி உதவியது. கறுப்புப் பொருள் ஒளியை விழுங்கினால் சூடாகும். சூடானால் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட வேண்டும். 1983-ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் அளந்தது. ஒளியில் மங்கலாக, வெப்பத்தில் பிரகாசமாக இருந்தால், அது சின்னது இல்லை, பெரிய கறுப்பு என்று அர்த்தம். கண்ணுக்கு மறைத்த செல்வத்தை இன்னொரு ரிஜிஸ்டரில் பிடித்த மாதிரி!

இங்கே நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாக்ஸன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவருக்குப் பக்கபலமாக முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்த வைஷ்ணவர். 1840-களில் மதராஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து, 1880 பிப்ரவரியில் காலமாகும் வரை அங்கேயே உழைத்தவர். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் பிரகாசம் கூடிக் குறைகிறது என்பதைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்ட் 18-ல் பூரண சூரிய கிரகணம் வந்தபோது பாக்ஸன் மசூலிப்பட்டணத்திலிருந்தும், ரகுநாதாச்சாரி ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியிலிருந்தும் அதைப் பார்த்தார்கள். கமில்லா அகப்பட்டது அதே வருஷம், மூன்று மாதம் கழித்து. 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் ரகுநாதாச்சாரியைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

கச்சத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தொலைநோக்கிக்குப் பின்னால் நின்றிருப்பார் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். உடையைப் பற்றி நான் சொல்வது கற்பனைதான். ராத்திரி முழுக்க நின்றார் என்பது கற்பனை இல்லை.

பாக்ஸனின் மகள் ஐஸிஸ் அம்மையாரையும் விட்டுவிடக் கூடாது. தகப்பனாருக்கு உதவியாக 1873 முதல் அங்கே வேலை பார்த்தார். 1886-ல் அவர் பெயரை அதே ராயல் சங்கத்துக்கு முன்மொழிந்தார்கள். பெண் என்பதால் நடக்கவில்லை. 1920-ல்தான் உறுப்பினரானார். மாமிகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

சரி, கண்டுபிடித்தார்கள், பெயர் வைத்தார்கள். கமில்லா என்பது ரோமாபுரிப் பழங்கதையில் வரும் ஒரு வீராங்கனை ராணியின் பெயர். அதற்கப்புறம் நூற்று முப்பது வருஷம் அது ஒரு புள்ளியாகவே இருந்தது. 2001 மார்ச் மாதம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைப் பார்த்தபோது, பக்கத்தில் இன்னொரு சின்னப் புள்ளி. கமில்லாவுக்கு ஒரு சந்திரன்! சிலி நாட்டில் உள்ள பெரிய தொலைநோக்கியால் பார்த்ததில் இன்னும் சின்னதாக இரண்டாவது சந்திரன் இருப்பது 2016-ல் தெரியவந்தது. இதற்கு முன்பே பாக்ஸனின் ஸில்வியாவுக்கும் இரண்டு சந்திரன்கள் இருப்பதாக 2005-ல் அறிவித்துவிட்டார்கள். இரண்டு சந்திரன் உள்ள சிறுகோள் என்று முதலில் தெரியவந்ததே அந்த ஸில்வியாதான். ஆக, மதராஸ் குழந்தைகள் இரண்டுக்கும் தலா இரண்டு பேர்.

சந்திரன் இருந்தால் வேடிக்கைக்கு மட்டும் இல்லை, கணக்குக்கும் உபயோகம். ஒரு சந்திரன் எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால், நியூட்டன் சூத்திரத்தைப் போட்டுத் தாய்க்கோளின் எடையைச் சொல்லிவிடலாம். கமில்லாவின் பெரிய சந்திரன் சுமார் 1,250 கிலோமீட்டர் தூரத்தில், மூன்றே முக்கால் நாளுக்கு ஒரு தடவை சுற்றுகிறது. இதிலிருந்து எடை கிடைத்தது. உருவம் ஏற்கெனவே தெரியும். எடையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி. விடை என்ன தெரியுமா? தண்ணீரைப் போல 1.3 மடங்கு. அவ்வளவுதான்.

ஒரு சாதாரணக் கருங்கல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அப்படியானால் கமில்லா திடமான கல் இல்லை. உள்ளே நிறைய இடைவெளியும் பனிக்கட்டியும் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். வெளியே கரி, உள்ளே பனி. இவ்வளவு பெரிய உடம்பு ஐந்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுழல்கிறது. சரியாகச் சொன்னால் 4 மணி 50 நிமிஷம். சூரியனைச் சுற்றி வர ஆறரை வருஷம்.

"கரிக்கட்டியைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன மாமா லாபம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தணிக்கையில் நாங்களும் அதைத்தான் கேட்போம்.

2017 ஜூன் 6-ஆம் தேதி அதிகாலையில், ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் முகுந்தபுரா என்ற ஊர் வயலில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. சுமார் இரண்டு கிலோ. கரி நிறம். பரிசோதித்ததில் கார்பன் வகை விண்கல் என்று தெரிந்தது. நம் தேசத்தில் அபூர்வமாக விழுவது. கமில்லா மாதிரியான கறுப்பு உலகங்களின் துணுக்கு ஒன்று உழுத வயலில் வந்து விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

வயலில் விழுவதற்காகக் காத்திருக்காமல் போய் எடுத்து வரவும் செய்தார்கள். பிரதான பட்டையிலிருந்து உடைந்து பூமிக்கு அருகே வந்துவிட்ட சின்னக் கறுப்புச் சிறுகோள்கள் சில உண்டு. ஜப்பானின் ஹயபுஸா-2 விண்கலம் ர்யுகு என்ற சிறுகோளிலிருந்து சுமார் ஐந்தரை கிராம் தூளை 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஓஸிரிஸ்-ரெக்ஸ், பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணை 2023 செப்டம்பரில் இறக்கியது. நூற்றி இருபத்தொரு கிராம்! ஒரு வேளை ரசத்துக்குப் போடும் துவரம்பருப்பு அளவு. அதில் என்ன இருந்தது என்று 2025 ஜனவரியில் முடிவுகள் வெளிவந்தன. பூமியில் உயிர்கள் புரதம் கட்ட உபயோகிக்கும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு இருந்தன. நம் மரபணுவின் எழுத்துகள் என்று சொல்லத்தக்க ஐந்து காரப் பொருள்களும் இருந்தன. உப்புநீர் வற்றிப் படிந்த உப்புகளும் இருந்தன.

பென்னுவில் உயிர் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சமையல் நடக்கவில்லை, சாமான்கள் மட்டும் இருந்தன. பூமி உண்டான இளம்பிராயத்தில், தண்ணீரும் இந்தச் சாமான்களும் இப்படிப்பட்ட கறுப்புப் பாறைகள் மூலமாகவும் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் ஊகம். ஆகவே கமில்லா வெறும் கரிக்கட்டி இல்லை. சூரிய மண்டலம் பிறந்த 450 கோடி வருஷத்துக்கு முந்தைய மளிகைச் சாமான், அதிகம் கெடாமல் குளிரில் இருக்கிறது.

இப்போது கொஞ்சம் வருத்தமான பக்கம். கண்டதை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அச்சேற்றவும் வேண்டும். பாக்ஸனும் உதவியாளர்களும் அளந்து வைத்த நட்சத்திர இருப்பிடங்கள் வெகு காலம் அச்சுக்குப் போகாமல் கிடந்தன. 1880-களின் கடைசியில்தான் தொகுதிகளாக வரத் தொடங்கின. அவர் காலமான பிறகு மிச்சி ஸ்மித் அந்தப் பணியை முடித்தார். 1899-ல் வான ஆராய்ச்சி வேலை கொடைக்கானலுக்குப் போயிற்று. அங்கே முக்கியத்துவம் சூரியனுக்கு. சிறுகோள் வேட்டை நின்றுபோனது. 1885-ல் வேரா. அதற்கப்புறம் நம் தேசத்திலிருந்து அடுத்த சிறுகோள் 1988 பிப்ரவரி 17-ல். நூறு வருஷத்துக்கும் மேல் இடைவெளி! ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலிருந்து ராஜமோகன் குழுவினர் கண்டுபிடித்த அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். எண் 4130. கும்பகோணத்துக் கணித மேதையின் பெயர் வானத்தில் ஏறியது இப்படித்தான்.

மதராஸில் தொடங்கிய அந்தப் பரம்பரையின் வாரிசு இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில். கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான்இயற்பியல் நிறுவனம்தான் அது. மதராஸ் ஆராய்ச்சிக் கூடத்தின் பழைய ஆவணங்களை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் அந்தச் சாலை வழியாகத் தினமும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு போய்வருகிறோம்.

கடைசியில் ஆன்மிகத்துக்கு இடம் உண்டு என்றேன். அதற்கு வருகிறேன்.

ரகுநாதாச்சாரி ராத்திரியில் தொலைநோக்கி பார்த்ததோடு நிற்கவில்லை. பஞ்சாங்கக் குடும்பத்தவர் அல்லவா? பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த கிரக நிலைக்கும், தான் கண்ணால் காணும் கிரக நிலைக்கும் வித்தியாசம் இருப்பதை அவர் பார்த்தார். இங்கிலாந்தின் நாட்டிகல் அல்மனாக் கணக்கை வைத்துத் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்த நிகழ்வைப் பற்றி, ஒரு சித்தாந்தியும் அவர் நண்பரும் சம்பாஷிப்பதாக ஒரு சிறு புத்தகம் எழுதினார். அது பல இந்திய மொழிகளில் வந்தது. சாஸ்திரம் படித்தவர்கள் வானத்தையும் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

அந்த வித்தியாசம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. 2023-ஆம் வருஷத்துச் சனிப்பெயர்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். ஒரே சம்சாரத்தில் மாமனார் ஒன்று, மாப்பிள்ளை ஒன்று என்று அனுஷ்டித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எந்தப் பஞ்சாங்கத்தை அனுசரிப்பது என்பது அவரவர் குடும்ப சம்பிரதாயம், ஆசார்யர்கள் உத்தரவு. அதில் தலையிட எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். எந்த நாளில் பரிகாரம் செய்வது என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கலாம். இன்று ராத்திரி சனி ஆகாசத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. அதை அறிய வெளியே வந்து பார்க்க வேண்டும்.

"இது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வழக்கம்" என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. கேரளத்துப் பரமேஸ்வரர் 55 வருஷம் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து, கணக்கும் கண்ணும் ஒத்துப்போகவில்லை என்று உணர்ந்து, 1431-ல் திருக்கணிதம் என்ற நூலை இயற்றினார். பாக்ஸனுக்கு நானூறு வருஷத்துக்கு முன்! 'திருக்' என்ற சொல்லுக்கே பார்வை என்றுதான் பொருள். பார்த்துத் திருத்துவது நம் மரபுக்கு விரோதம் இல்லை. பார்ப்பதை நிறுத்தியதுதான் பின்னால் வந்த பழக்கம்.

படத்தில் இல்லாத ஒரு மங்கல் புள்ளியைப் பார்த்தபோது, "படத்தில் இல்லை, ஆகவே வானத்திலும் இல்லை" என்று பாக்ஸன் சொல்லியிருந்தால் கமில்லா கிடைத்திருக்காது. புத்தகத்தைத் திருத்தினார். வானத்தைத் திருத்த முடியாதே! ஸ்டாக் ரிஜிஸ்டருக்கும் அதே விதிதான். பஞ்சாங்கத்துக்கும் அதே விதியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் டிபன் சமயத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

சிறுகோள்கள் ஜாதகத்தில் வருமா என்று ஒரு மாமி முன்கூட்டியே கேட்டுவிட்டார். வராது மாமி. நவகிரகம் ஒன்பதோடு சரி. கமில்லாவுக்குப் பரிகாரமும் கிடையாது, நைவேத்யமும் கிடையாது. நிம்மதியாக இருக்கலாம்.

முடிக்குமுன் மூன்று வேண்டுகோள். ஒன்று, சென்னைக்குப் போகும் உறுப்பினர்கள் நுங்கம்பாக்கம் தூணை அனுமதி பெற்றுப் பார்த்து வாருங்கள். இரண்டாவது, பேரன் பேத்திகளை இங்கே ஹை கிரவுண்ட்ஸில் உள்ள நேரு கோளரங்கத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போங்கள். மூன்றாவது கொஞ்சம் கஷ்டமானது. ஆனேக்கலில் இன்னும் ஓரளவு இருட்டு மிச்சம் இருக்கிறது. ஒரு பக்கம் ஜிகணி, இன்னொரு பக்கம் சந்தாபுரம், அத்திப்பள்ளி என்று வெளிச்சம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. பன்னேருகட்டா காட்டுப் பக்கம் மட்டும்தான் வானம் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது. நம் அபார்ட்மென்ட் மாடி விளக்குகள் கீழே தரையைப் பார்க்கும்படி இருந்தால் போதும், மேலே ஆகாசத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக்கூட எடுத்துப் போகலாம். ஏழெட்டு பேர் சேர்ந்தால் ஒரு 8 அங்குலத் தொலைநோக்கி வாங்கிவிடலாம். நல்ல இருட்டான ராத்திரியில், நல்ல படத்தை வைத்துக்கொண்டு, பொறுமையாகத் தேடினால், கமில்லா அதில் ஒரு புள்ளியாக அகப்படும். அதன் ஒளி அங்கிருந்து கிளம்பி இருபது நிமிஷத்துக்கு மேல் பிரயாணம் செய்து நம் கண்ணில் வந்து விழும். மறுநாள் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அந்த நகர்தலைத்தான் பாக்ஸனும் உதவியாளர்களும் 1868-ல் எழுதி வைத்தார்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.